பழைய ஷிராதாகியும் மேல் ஷிராதாகியும்



சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கூட்டத்தில் ஒரு கதை சொன்னோம். அது பிழையான கதை. பிழையென்று அறியாமல் சொன்னோம். அறிந்த பிறகும் திருத்தாமல் சில மாதங்கள் வாளாவிருந்துவிட்டோம். இன்று அதைத் திருத்தி, உண்மை வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஜப்பான் நாட்டின் வடகோடியில், ஆண்டில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் இருந்த சின்னஞ்சிறு ரயில் நிலையம் ஒன்றின் வரலாறு அது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். உங்களில் பலர் அதைக் கேட்டிருக்கவும் கூடும். 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சீன நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அதை வெளியிட்டது. சில நாட்களுக்குள் அது உலகத்து மொழிகள் பலவற்றிலும் பரவிவிட்டது. ஹொக்கைடோ என்னும் தீவில் காமி ஷிராதாகி என்று ஒரு நிலையம். அதில் ஏறி இறங்க ஆள் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதை மூடிவிட ரயில்வே நிர்வாகம் எண்ணியதாம். அப்போதுதான், பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவி நாள்தோறும் அங்கே வண்டி ஏறுகிறாள் என்று தெரிய வந்ததாம். உடனே நிர்வாகம் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, அவள் படிப்பு முடியும் வரையில் நிலையத்தைத் திறந்து வைத்ததாம். வண்டி நாளொன்றுக்கு இருமுறை நிற்கும்: காலையில் அவளை ஏற்றிக்கொள்ள, மாலையில் அவளை இறக்கிவிட. அவள் பட்டயம் பெற்று வெளியேறும் மார்ச் மாதத்தில் நிலையமும் மூடப்படும். இவ்வளவுதான் கதை. கேட்டவர் நெஞ்சு நெகிழாமல் இருக்குமா?

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாம் வசித்த அரசுக் குடியிருப்பில், ஞாயிறுதோறும் தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கும் ஒரு வகுப்பு நடந்து வந்தது. தொடங்கியபோது இருபது குழந்தைகள் வந்தனர். பெற்றோருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சிலர் புறநகரில் சொந்த வீடு வாங்கிக் குடிபோயினர். சில குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேறு பயிற்சி வகுப்புகள் வந்து சேர்ந்தன. 2016ஆம் ஆண்டில் மூன்று குழந்தைகளே எஞ்சினர். மூன்று பேருக்காக மண்டப அறைக்கு வாடகை கொடுப்பதா என்ற கேள்வி ஆண்டுக் கூட்டத்தில் எழுந்தது. அப்போது நாம் எழுந்து அந்த ஜப்பானியக் கதையைச் சொன்னோம். ஒரு மாணவிக்காக ஒரு நாடு ரயிலை நிறுத்தி வைக்கிறது; மூன்று குழந்தைகளுக்காக நம்மால் ஓர் அறையைத் திறந்து வைக்க முடியாதா என்று கேட்டோம். கூட்டம் அமைதியாயிற்று. இன்னும் ஓராண்டு வகுப்பு நடக்கட்டும் என்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்தபின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, கதை நன்றாக இருந்தது. அந்த நிலையத்தின் கால அட்டவணையைப் பார்த்தீர்களா?" என்றார்.

"இல்லை, ஐயா" என்றோம்.

"ஒருவருக்காக வண்டி நிற்கும்; நானே நிறுத்தியிருக்கிறேன். ஆனால் ஒருவருக்காக வண்டி ஓடாது. பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுப் போய்விட்டார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் மூலத்தைப் பாராமல் கதை சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜப்பானிய மொழி அறிந்த நண்பர் ஒருவரிடம் சென்றோம். அந்த மாணவி வண்டி ஏறும் நிலையம் என்று வெளியான படங்களை அவருக்குக் காட்டினோம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "இதில் இருப்பது 'மேல்' என்னும் எழுத்தன்று, 'பழைய' என்னும் எழுத்து."

அந்த ஓர் எழுத்திலிருந்து மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

ஹொக்கைடோ ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் வடக்கே உள்ளது. அதன் நடுவிலுள்ள அசாஹிகாவா நகரையும், கிழக்கே ஒகோட்ஸ்க் கடற்கரையிலுள்ள அபாஷிரி நகரையும் இணைப்பது செகிஹொகு பெருந்தடம். நீளம் 234 கிலோமீட்டர். இஷிகாரி, கிதாமி என்னும் இரு பகுதிகளின் பெயர்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தை எடுத்துச் சேர்த்து அமைத்த பெயர் அது. இத்தடம் கிதாமிக் கணவாயின் அடியே மலையைக் குடைந்து மறுபுறம் வெளிப்பட்டு, யூபெட்ஸு ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அப்பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் இருப்பது ஷிராதாகி. அச்சொல்லுக்கு வெள்ளை அருவி என்று பொருள்.

ஒரு காலத்தில் அங்கே ஷிராதாகி என்ற பெயர் கொண்ட நிலையங்கள் ஐந்து இருந்தன. மலைப்பக்கத்திலிருந்து வரிசையாக வந்தால் முதலில் ஒக்கு ஷிராதாகி, அடுத்து காமி ஷிராதாகி, பிறகு வெறும் ஷிராதாகி, அதன் பின் கியூ ஷிராதாகி, கடைசியில் ஷிமோ ஷிராதாகி. ஒக்கு என்றால் உட்பகுதி. காமி என்றால் மேல். கியூ என்றால் பழைய. ஷிமோ என்றால் கீழ். வெளிநாட்டுச் செய்திகள் காமி என்று எழுதிய இடத்தில் இருந்திருக்க வேண்டியது கியூ. மாணவி ஏறியது மேல் ஷிராதாகியில் அன்று, பழைய ஷிராதாகியில். இடையே ஷிராதாகி நிலையமே இருந்தது.

ஒரு நிலையத்தின் பெயர் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். மாறியது பெயர் மட்டுமன்று. பெயரோடு ஒரு வரலாறே மாறிவிட்டது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பழைய என்னும் அடைமொழி அங்கே குடியேறியவர்களின் கணக்கில் மட்டுமே பழையது. ஷிராதாகி மலைகளில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கண்ணாடிபோன்ற கரிய கல் ஏராளமாகக் கிடைக்கிறது. கற்கால மனிதர்கள் அக்கல்லைத் தேடி வந்து கத்தியும் ஈட்டி முனையும் செதுக்கினர். அங்கே அகழ்ந்தெடுத்த கற்கருவிகளை ஜப்பானிய அரசு 2023ஆம் ஆண்டில் தேசியச் செல்வமாக அறிவித்தது. பின்னாளில் அத்தீவு ஐனு மக்களின் தாயகமாக விளங்கியது. தீவுக்கு ஹொக்கைடோ என்ற பெயர் 1869ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு சூட்டியது. ஆயினும் ஊர்ப் பெயர்களில் ஐனு மொழி நிலைத்து நிற்கிறது. மாணவி படித்த பள்ளி இருக்கும் எங்காரு என்னும் ஊரின் பெயரும் ஐனு மொழியிலிருந்து வந்ததே. நின்று நோக்குவதற்குரிய இடம் என்பது அதன் பொருள். ரயில் நிலையத்தருகே செங்குத்தாக எழும் பெரும்பாறை ஒன்று அப்பெயருக்குச் சான்றாக நிற்கிறது.

அப்பள்ளத்தாக்கில் முதன்முதலாகப் பெருவழி அமைத்தவர்கள் சிறைக்கைதிகள். 1891ஆம் ஆண்டில் அபாஷிரிச் சிறையிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளைக் கொணர்ந்து, கடற்கரையிலிருந்து கிதாமிக் கணவாய் வரை காட்டை வெட்டிச் சாலை போட வைத்தனர். போதிய உணவின்றி நோயாலும் களைப்பாலும் மடிந்தவர் 200 பேருக்கு மேல். அந்தச் சாலையின் வழியே பின்னர் குடியானவர்கள் வந்தனர். 1912ஆம் ஆண்டில், தெற்கே வாகாயாமா மாநிலத்துத் தனாபே என்னும் கடலோர ஊரிலிருந்து மொரிஹெய் உவேஷிபா என்பவர் ஒரு கூட்டத்தாரை ஷிராதாகிக்கு அழைத்து வந்தார். பிற்காலத்தில் ஐகிடோ என்னும் தற்காப்புக் கலையைத் தோற்றுவித்துப் புகழ்பெற்ற உவேஷிபா இவரே. வெதுவெதுப்பான கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர் இறங்கும் மலைநாட்டில் மரம் வெட்டி நிலம் திருத்தினர். முதல் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்தது. 1917ஆம் ஆண்டில் பெருந்தீ ஒன்று ஊரை எரித்தது. உவேஷிபா 1919ஆம் ஆண்டில் தந்தையின் உடல்நலக் குறைவைக் கேள்வியுற்று ஊர் திரும்பினார். பிறர் தங்கினர். பிழைப்பைத் தேடி வேற்றிடம் போனவர்களின் நிலை எங்கும் இதுதானே! வழிகாட்டி அழைத்து வந்தவர் திரும்பிவிட்டாலும், வீடு கட்டிவிட்டவர் எளிதில் திரும்ப முடிவதில்லை.

ரயில் எங்காருவுக்கு 1915ஆம் ஆண்டில் கிழக்குத் திசையிலிருந்து வந்தது. அந்தப் பாதையிலுள்ள ஜோமோன் சுரங்கம் 507 மீட்டர் நீளமே உள்ளது. ஆனால் அதைக் குடைந்த ஆண்டுகளில், முன்பணம் தந்து ஏமாற்றிக் கூட்டி வரப்பட்ட கூலியாட்கள் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்று கருதப்படுகிறது. 1970ஆம் ஆண்டில் சுரங்கத்தைப் பழுதுபார்த்தபோது சுவரின் பின்னே மனித எலும்புகள் அகப்பட்டன. அதுவரை கிழவர்கள் சொல்லி வந்ததைக் கட்டுக்கதை என்று எண்ணியவர்கள் அன்று வாயடைத்து நின்றனர். உண்மையும் சில வேளைகளில் கதைபோல் தோன்றும். கதையும் உண்மைபோல் தோன்றும். நமக்கு வேண்டியது இரண்டையும் வேறுபடுத்தும் பொறுமை.

எங்காருவிலிருந்து மேற்கே ஷிராதாகி வரையில் தண்டவாளம் 1929ஆம் ஆண்டில் எட்டியது. நடுவே மலை நின்றது. 4,329 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தால் அதைத் துளைத்து, 1932ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி இருபுறத்தையும் இணைத்தனர். காமி ஷிராதாகி நிலையம் திறக்கப்பட்டது அந்நாளில்தான். அதற்கு முன் அசாஹிகாவாவுக்குப் போக விரும்பியவர் வடக்கே நயோரோ வழியாகப் பெருஞ்சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. புதிய பாதை அமைந்ததும் பள்ளத்தாக்கின் மரமும் உருளைக்கிழங்கும் நேரே நகரத்துக்குச் சென்றன.

இந்நிலையங்களின் பட்டியலில் கியூ ஷிராதாகி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பிறந்த விதம் வேறு. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், போர் முடிந்து நாடு வறுமையில் உழன்ற காலத்தில், தற்காலிக ஏறுமிடம் என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. ஹொக்கைடோவில் இத்தகைய ஏறுமிடங்கள் பல இருந்தன. நிலையம் என்றால் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். ஏறுமிடம் என்றால் வட்டார அதிகாரியின் உத்தரவே போதும். அதனால் ஓர் இன்னலும் உண்டு. நாடு முழுவதற்குமான கால அட்டவணையில் இவற்றின் பெயர் அச்சாவதில்லை. தூரக் கணக்கும் பெரும்பாலானவற்றுக்கு வகுக்கப்படவில்லை. ஆகவே பிரயாணி தான் இறங்கும் இடத்துக்கன்றி, அதற்கு அப்பாலுள்ள நிலையம் வரைக்கும் கட்டணம் செலுத்துவதே வழக்கம். ஒரு மேடை, ஒரு சிறு மர அறை: கியூ ஷிராதாகியில் இருந்தவை இவ்வளவே. தலைநகரத்தின் ஏடுகளில் பெயரில்லாத இடம். ஆயினும் வண்டி அங்கே நின்றது. குடியானவர்கள் ஏறினர், பிள்ளைகள் ஏறினர், சந்தைக்குப் போகிறவர்கள் ஏறினர். 40 ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

பிறகு கணக்குப் பார்க்கும் காலம் வந்தது. ஜப்பானியத் தேசிய ரயில்வே 1964ஆம் ஆண்டு முதல் நஷ்டத்தில் விழுந்தது. 1980ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, போதிய பிரயாணிகள் இல்லாத 83 தடங்கள் கைவிடத்தக்கவை என்று குறிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தேசிய ரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹொக்கைடோவின் ரயில்கள் ஒரு தனி நிறுவனத்திடம் சென்றன. விந்தை என்னவெனில், அதே நாளில்தான் கியூ ஷிராதாகி ஏறுமிடம் என்ற நிலையிலிருந்து நிலையம் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. பெயர் ஏட்டில் ஏறியது. ஆனால் ஏறும் மக்கள் குறையத் தொடங்கியிருந்தனர். மரத்தொழில் நலிந்தது. இயந்திரங்கள் வந்ததால் பலர் உழுத நிலத்தைச் சிலரே உழுதனர். வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி வந்தது; அதே பள்ளத்தாக்கில் விரைவுச் சாலையும் வந்தது. எங்காருவிலிருந்து நயோரோவுக்குச் சென்ற தடம் 1989ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அத்தடத்தின் அடையாளமாக இன்னொரு வினோதம் எஞ்சியது: எங்காருவில் நுழையும் வண்டி நேரே செல்ல வழியின்றி, வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு புறப்படவேண்டும். பிரயாணிகள் எழுந்து இருக்கைகளைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். 2001ஆம் ஆண்டில் ஒக்கு ஷிராதாகி பிரயாணிகளுக்கு மூடப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஷிராதாகி கிராமமே எங்காரு நகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

இனி அந்தக் கால அட்டவணைக்கு வருவோம். இறுதி ஆண்டுகளில் காமி ஷிராதாகியில் நாளொன்றுக்குக் காலையில் ஒரு வண்டியும் மாலையில் ஒரு வண்டியும் மட்டுமே நின்றன. கதையில் வந்த இரண்டு வண்டிகள் இவையே. ஆனால் மாணவி ஏறிய கியூ ஷிராதாகியில் நின்றவை நான்கு வண்டிகள்: எங்காருவை நோக்கிக் காலை ஏழு மணிக்குப் பின் ஒன்று, எங்காருவிலிருந்து திரும்பி வருபவை மூன்று. போவதற்கு ஒரே வண்டி. அதைத் தவறவிட்டால் அன்றைக்குப் பள்ளியில்லை. திரும்புவதற்கு மூன்று, பள்ளி விட்டதும் வரலாம், விளையாட்டுப் பயிற்சி முடிந்தும் வரலாம். ஆகவே அட்டவணை மாணவர்களுக்கு உதவியாக அமைந்திருந்தது என்பதில் உண்மை உண்டு. ஆனால் அது ஒரு மாணவிக்காக வகுத்த அட்டவணை அன்று. அந்த ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியில் வேறு நிலையங்களிலிருந்து ஏறும் மாணவர்களும் இருந்தனர். வழி நெடுக ஓரிருவராக ஏறி, எங்காருவில் ஒரு கூட்டமாக இறங்கினர். கியூ ஷிராதாகியிலிருந்து எங்காருவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்.

நிலையம் மூடிய தேதியும் அப்படியே. ஜப்பானிய ரயில் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் கால அட்டவணையைப் புதுப்பிக்கின்றன. அந்நாட்டுப் பள்ளி ஆண்டும் மார்ச் மாதத்தில் முடிகிறது. இரண்டும் ஒத்து வந்ததைக் கண்டவர்கள் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்கிவிட்டனர். 2016ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி ஹொக்கைடோவில் மூடப்பட்ட நிலையங்கள் எட்டு. காமி ஷிராதாகி, கியூ ஷிராதாகி, ஷிமோ ஷிராதாகி ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும். எட்டு நிலையங்களிலும் எட்டு மாணவிகள் பட்டயம் பெற்று வெளியேறினார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

அதே மார்ச் 26ஆம் தேதி இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஷின்கான்சென் என்னும் அதிவிரைவு ரயில், கடலடிச் சுரங்கத்தின் வழியே முதன்முதலாக ஹொக்கைடோ தீவுக்குள் நுழைந்தது. தெற்கே கொடி அசைத்து வரவேற்றனர்; வடகிழக்கே மூன்று சிறு நிலையங்களின் பெயர் அட்டவணையிலிருந்து நீங்கியது. காமி ஷிராதாகி போனதால், மலைக்கு மேற்கே உள்ள காமிகாவாவுக்கும் ஷிராதாகிக்கும் இடையே 37.3 கிலோமீட்டர் தூரத்துக்குப் பிரயாணிகள் நிலையமே இல்லை. ஜப்பானின் சாதாரணத் தடங்களில் அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையே உள்ள மிகப் பெரிய இடைவெளி அது. அவ்வாண்டு நவம்பரில் ஹொக்கைடோ ரயில் நிறுவனம், 1,237 கிலோமீட்டர் தடத்தைத் தன்னந்தனியாக நடத்த இயலாதென்று அறிவித்தது. அது அந்நிறுவனத்தின் மொத்தத் தடத்தில் ஏறக்குறையப் பாதி. செகிஹொகு பெருந்தடமும் அப்பட்டியலில் இருந்தது.

ஆக, உண்மை எது? அம்மாணவி இருந்தது உண்மை. நாள்தோறும் பனியில் நின்று வண்டி ஏறியது உண்மை. அவள் படிப்பு முடிந்த மாதத்தில் நிலையம் மூடியது உண்மை. அவளுக்காகவே நிலையம் காத்திருந்தது என்பது மட்டும் நாம் எல்லோரும் சேர்த்துக் கட்டிய பகுதி. ஒரு நிலையத்தின் பெயரையும் வண்டிக் கணக்கையும் எடுத்து, இன்னொரு நிலையத்தின் மாணவியோடு இணைத்து, காரணத்தை நம் விருப்பப்படி ஊகித்துக்கொண்டோம். கருணையுள்ள ஒரு நிர்வாகம் உலகில் எங்கேனும் இருக்கவேண்டும் என்ற நம் ஆசையே அந்தக் கதையை நாடு நாடாகக் கொண்டு போயிற்று. ஆசை தவறன்று. ஆனால் அக்கதையை நம்பியதால் ஒன்றை மறந்தோம். அந்தப் பள்ளத்தாக்கு ஏன் காலியாயிற்று என்று எவரும் கேட்கவில்லை. ஒருத்திக்கு ரயில் காத்திருந்தது என்று மகிழ்ந்தவர்கள், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்ட நாம் உடனே கூட்டத்தாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதை பொய் என்றால் வகுப்பும் போய்விடுமே என்ற அச்சம். அலுவலகத்தில் ஒரு சொல் பிழைத்தால் திருத்தச் சீட்டு அனுப்பும் நாம், இங்கே வாய்மூடி இருந்தோம். ஆண்டு முடிவதற்குள் மூன்று குழந்தைகள் இருவராயினர். அப்போது அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று அனைத்தையும் கூறினோம்.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்த வண்டியில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள் அல்லவா? அதுதான் விஷயம். ஒரு நிலையத்தில் ஒருவர்தான் ஏறுவார். தடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வண்டி ஓடும். நீங்கள் உங்கள் நிலையத்தை மட்டும் பார்க்கிறீர்கள், தம்பி" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நம் பிழையை ஒப்புக்கொண்டு உண்மையைச் சொன்னோம். சிலர் சிரித்தனர், ஒருவர் வருத்தப்பட்டார். கதை அப்படியே இருந்திருக்கலாம் என்று ஓர் அம்மையார் கூறினார். அவர் வருத்தம் நமக்கும் புரிந்தது. ஆனால் அன்றைக்குத்தான் வேறொரு பேச்சும் எழுந்தது. புறநகருக்குக் குடிபோனவர்கள் எந்தெந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். நான்கு பகுதிகளில் சிதறியிருந்தனர். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று குழந்தைகள். நான்குக்கும் நடுவில் உள்ள ஓர் இடத்தில், எல்லோருக்கும் பேருந்து கிடைக்கும் நேரமாகப் பார்த்து வகுப்பை மாற்றினோம். பழைய மண்டப அறையை விட்டுவிட்டோம். அதை விடுவதில் நமக்கு மனவருத்தம் இருந்தது. பதினொரு குழந்தைகள் வந்தனர். பெரிய எண்ணிக்கை என்று சொல்வதற்கில்லை. சில ஞாயிறுகளில் எட்டுப் பேர், சில ஞாயிறுகளில் ஐந்து பேர். ஆனால் வகுப்பு நடந்தது; எவர் கருணையாலும் அன்று, வருகிறவர்கள் இருந்ததால் நடந்தது.

1947ஆம் ஆண்டில் கியூ ஷிராதாகியில் முதல்முறையாக வண்டி நின்றதும் அதனால்தான். ஏட்டில் பெயரில்லை, அட்டவணையில் இடமில்லை, கட்டணமும் ஒரு நிலையம் கூடுதல். எனினும் அங்கே ஏறுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். 69 ஆண்டுகள் அந்த மர அறை நின்றது. கடைசியாக ஏறிய ஒருத்தியை உலகம் அறிந்துகொண்டது. அவளுக்கு முன் ஏறிய எண்ணற்றவர்களே அந்த நிலையத்தைக் காத்தவர்கள். அவர்களைப் பற்றிய கதையை எவரும் மொழிபெயர்க்கவில்லை. ஆகவேதான் இன்று நாம் அதைச் சொல்ல முற்பட்டோம்.

வகுப்பறைச் சுவரில் அந்த நிலையத்தின் படம் ஒன்றை மாட்டியிருந்தோம். அதன் கீழே முன்பு எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு, பழைய ஷிராதாகி என்று திருத்தி எழுதினோம். ஏன் பழைய என்று ஒரு குழந்தை கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அன்றைய வகுப்பு முழுவதும் செலவாயிற்று.